கஷ்ட காலத்து டைரிகள்: தரங்கம்பாடி முதல் தஞ்சாவூர் வரை



இந்தத் தடவை வணிகவியலை விட்டுவிட்டு வரலாறு பக்கம் போகப் போகிறேன். முழுதாக விட்டுவிட முடியுமா என்று தெரியவில்லை. படிக்கிற படிப்பு எங்கே போனாலும் கூடவே வருகிறது :-)

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது குறிப்பேடு. ஆங்கிலத்தில் ஜர்னல். ஒரு நடவடிக்கை நடந்தால் அதை அன்றே, நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும். எது பற்று, எது வரவு என்று போட்டுவிட்டு, கீழே ஒரு வரியில் விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். குறிப்பேட்டில் இல்லாத ஒன்று கடைசிவரை எங்கேயும் வராது.

அதே ஜர்னல் என்ற சொல்லைத்தான் ஆங்கிலத்தில் டைரிக்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் "நாள்" என்று பொருள்படும் லத்தீன் சொல். கணக்குப்பிள்ளையும் டைரி எழுதுகிறவரும் செய்வது ஒரே வேலை, அதாவது அன்றைய நாளை அன்றே பதிவது.

இதைப் பற்றி யோசிக்க வைத்தது என் அம்மாச்சியின் நோட்டு. அம்மாச்சி வீடு பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று முதல் அம்மாச்சி ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் நாலைந்து வரி எழுதியிருக்கிறார். "தென்னை 11 சாய்ந்தது. மா 1. கொட்டகை கூரை போச்சு. கரண்ட் இல்லை. சங்கீதம் 46." இப்படித்தான் இருக்கும். யார் வந்து மரம் அறுத்துக் கொடுத்தார், யார் மெழுகுவர்த்தி கொடுத்தார், அன்று எந்த வேதப் பகுதியைப் படித்தார் என்பதெல்லாம் இருக்கிறது. அழுகையோ புலம்பலோ ஒரு வரிகூட இல்லை. அம்மாச்சி காலமான பிறகுதான் அந்த நோட்டு எங்கள் கைக்கு வந்தது. அதில் ஒரு பக்கத்தை வைத்து வீட்டில் ஒரு சின்ன தகராறும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கஷ்ட காலத்தில் ஒரு கிறிஸ்தவர் ஏன் நோட்டை எடுத்து எழுத உட்காருகிறார், இந்தப் பழக்கம் நம்ம டெல்டாவுக்கு எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் முந்நூறு வருஷம் பின்னால், தரங்கம்பாடி கடற்கரையில் போய் நின்றது.

கோடு போட்டுக் கணக்கு

பைபிளில் கஷ்ட காலத்து எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. சங்கீதங்களில் பெரிய பங்கு முறையீடுகள்தான். எருசலேம் அழிந்ததைப் பற்றி "புலம்பல்" என்று ஒரு முழு ஆகமமே இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் பாட்டு, ஜெபம். தேதி போட்டு ஒவ்வொரு நாளையும் எழுதி வைப்பது பின்னால் வந்த பழக்கம்.

இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலாவின் "ஆன்மீகப் பயிற்சிகள்" 1548-இல் அச்சானது. அதில் ஒரு யோசனை இருக்கிறது. உங்களிடம் உள்ள ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் மதியமும் இரவும் யோசித்துப் பார்த்து, எத்தனை முறை அதில் விழுந்தீர்களோ அத்தனை புள்ளிகளை அன்றைய கோட்டின் மேல் வையுங்கள், பிறகு நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். கிட்டத்தட்ட நம் ஒப்பீட்டு அறிக்கைதான்!

புராட்டஸ்டண்ட் பக்கத்தில் இதைப் பெரிதாக எடுத்தவர்கள் ஜெர்மனியின் பக்தி இயக்கத்தார். அவர்களுடைய முக்கியமான ஊர் ஹாலே. அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் பெரிய அநாதை இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதோடு கிறிஸ்தவ வாழ்க்கை முடிவதில்லை, ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு டைரி ஒரு கருவி. இந்த ஹாலே பின்னணியிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள்தான் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 24. நம் வயசுதான்.

கோட்டைச் சிறையில் நாலு மாதம்

தரங்கம்பாடி 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் செய்த உடன்படிக்கையால் டேனிஷ்காரர்கள் கைக்கு வந்த ஊர். இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. கடற்கரையில் டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நிறைய பேர் போயிருப்பீர்கள்.

சீகன்பால்க் வந்ததும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். இரண்டே வருடத்தில், 1708-இல், தான் சேர்த்துப் படித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார்.

நவம்பரில் அவரைக் கைது செய்தார்கள். செய்தவர் அந்த ஊரின் டேனிஷ் தளபதி ஹாசியஸ். காரணங்களில் ஒன்று ஒரு கடன் விவகாரம். தமிழ் நாவிதர் ஒருவர் இறந்துபோனார். அவருக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இருந்த கடன் தகராறில் விதவை மாட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்காக சீகன்பால்க் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். தளபதிக்கு அது பிடிக்கவில்லை. ஏற்கெனவே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. விளைவு, கோட்டைச் சிறையில் சுமார் நாலு மாதம்.

சிறையில் முதலில் பேனா, மை, தாள் எதுவும் தரவில்லை. எழுதிப் பழகிய மனிதனுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்திருக்கும். பிறகு எழுத அனுமதி கிடைத்ததும் உள்ளேயே உட்கார்ந்து இரண்டு பக்தி நூல்களை எழுதினார். 1709 மார்ச்சில் வெளியே வந்தார். 1711-இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார். 1714-15-இல் அது தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சானது. 1719-இல் 36 வயதில் இறந்துவிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே கல்லறை இருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். அவர் சிறைக்குப் போனது பைபிள் படித்ததற்காக அல்ல. ஒரு ஏழை விதவையின் கடன் கணக்கில் தலையிட்டதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் பட்ட கஷ்டம் பதிவில் இருக்கிறது.

ஹாலேக்குப் போன டைரி

சீகன்பால்குக்குப் பின் வந்த மிஷனரிகள் டைரி எழுதுவதை ஒரு கடமையாகவே வைத்துக்கொண்டார்கள். எந்த ஊருக்குப் போனோம், யாரிடம் என்ன பேசினோம், யார் நோயில் விழுந்தார், மழை வந்ததா, அரிசி விலை என்ன என்று எழுதிச் சேர்த்து கப்பலில் ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் தொகுத்து அச்சிட்டார்கள். 1710 முதல் 1772 வரை 108 பகுதிகள் வந்தன. ஆய்வாளர்கள் இவற்றை "ஹாலே அறிக்கைகள்" என்கிறார்கள். அதற்குப் பிறகும் வேறு தலைப்பில் 1848 வரை தொடர்ந்தது.

இதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் டைரி எழுதிக்கொண்டிருந்தார் (1736 முதல் 1761 வரை). அவர் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி, வியாபாரி. கப்பல், சரக்கு, சண்டை, தர்பார் என்று எல்லாம் அவர் டைரியில் உண்டு. தரங்கம்பாடிக்காரர்களின் டைரியில் இதெல்லாம் இருந்தாலும் கூடவே ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: இன்று கடவுள் முன் நான் எப்படி நடந்துகொண்டேன்?

இந்தத் தரங்கம்பாடிச் செய்திகள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஒரு உதாரணம். சீகன்பால்கின் கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709-இல் லண்டனில் வெளிவந்தன. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சின்ன ஊரில் ஒரு போதகரின் மனைவி, சுசன்னா வெஸ்லி, இந்த மிஷனரிகளைப் பற்றிய புத்தகத்தைப் படித்து மிகவும் மனம் உருகிப்போனார். நம் கையில் இருக்கிறவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசித்து, தன் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தார். 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். வியாழக்கிழமை ஜான் என்ற பையனுக்கு. அப்போது அவனுக்கு 8 வயது. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அவர்தான். அவரும் 1725 முதல் டைரி எழுதினார், பிறகு தன் ஜர்னலை அச்சிட்டார். நம்ம ஊர் கடற்கரையில் எழுதிய காகிதம் அங்கே ஒரு வீட்டு மாலை நேரத்தை மாற்றியிருக்கிறது!

இனி இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹாலேயில் அச்சிட்டவர்கள் வந்ததை அப்படியே போடவில்லை. வெட்டினார்கள். மிஷனரிகளுக்குள் நடந்த சண்டை, படிக்கிறவர்கள் முகம் சுளிக்கும் விஷயங்கள் பலவும் அச்சுக்கு வராமல் நின்றன. காரணம் நமக்குப் புரியக்கூடியதுதான். அந்த அறிக்கைகளைப் படித்துத்தான் ஐரோப்பாவில் நன்கொடை கொடுத்தார்கள். முதலீட்டாளர் பார்க்கப்போகிறார் என்றால் இருப்புநிலைக் குறிப்பை அழகுபடுத்தத் தோன்றும் அல்லவா? அதே கதைதான். நல்ல வேளையாக மூலக் கையெழுத்துப் பிரதிகள் பல ஹாலே காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து எது வெட்டப்பட்டது என்று பார்க்கிறார்கள்.

ஓலையில் வந்த கணக்கு

அந்த டைரிகளில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கண்ணால் பார்த்தவை என்று நினைக்க வேண்டாம். அவர்களால் தஞ்சை ராஜ்யத்துக்குள் இஷ்டப்படி போய்வர முடியாது. உள்ளே கிராமம் கிராமமாக நடந்தவர்கள் தமிழ் உபதேசிமார். அவர்கள் தாங்கள் போன இடம், பேசிய ஆட்கள் பற்றி மிஷனரிகளிடம் தவறாமல் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அந்த விவரங்கள் ஜெர்மனில் சுருக்கப்பட்டு மிஷனரி டைரிக்குள் போயின. ஆக, நாம் இன்று படிக்கிற பல பக்கங்களின் முதல் பதிவு ஒரு தமிழருடையது.

இவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆரோன். கடலூர்க்காரர். 1733-இல் தரங்கம்பாடியில் போதகராக அபிஷேகம் பெற்றார். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் போதகர் ஆன முதல் தமிழர் அவர்தான். மாயவரம் பக்கம் ஊழியம் செய்து 1745-இல் இறந்தார்.

இன்னொருவர் ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் பகுதிகளைப் படித்து, 1720-களின் கடைசியில் அந்தச் சபையோடு சேர்ந்து உபதேசியானார். 1771-இல் இறக்கும் வரை சுமார் நாற்பது வருடம் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். பழைய நண்பர்களே எதிரிகளானார்கள், தொல்லைகள் நிறைய வந்தன. ஆனாலும் விடவில்லை. தகுதி என்று பார்த்தால் போதகர் ஆவதற்கு அவரைவிடப் பொருத்தமானவர்கள் அதிகம் இல்லை. ஆனால் அவருக்கு அபிஷேகம் தரவில்லை. காரணம் அவருடைய சாதி. பறையர் சமூகத்தில் பிறந்தவர் கையால் நற்கருணை வாங்க சபையில் இருந்த வேளாளர்கள் உடன்பட மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள்.

நாற்பது வருடம் தவறாமல் கணக்கு ஒப்படைத்த ஒருவருக்குச் சேர வேண்டியதை மட்டும் யாரும் வரவு வைக்கவில்லை. இந்த விஷயம் தெரிந்ததற்கும் அதே டைரிகளும் கடிதங்களும்தான் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியவர்களுக்கே தங்கள் தவறு முழுதாகப் புரியாமல் இருக்கலாம். ஆனாலும் எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அதைத் தவறு என்று சொல்ல முடிகிறது.

தஞ்சாவூரில் பஞ்சம்

இப்போது தரங்கம்பாடியிலிருந்து மேற்கே தஞ்சாவூர் வருவோம். கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடி வந்தவர். 1762 முதல் திருச்சியில் வேலை செய்து, 1778-இல் தஞ்சாவூரில் தங்கினார். சிவகங்கைப் பூங்கா பக்கம் போனவர்கள் அவர் பெயரிலுள்ள ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1779-இல் கட்டத் தொடங்கியது.

அதே 1779-இல் மதராஸ் கவர்னர் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்த பயணத்துக்கு ஸ்வார்ட்ஸ் ஒரு ஜர்னல் எழுதியிருக்கிறார். ஹைதர் ஒரே நேரத்தில் பல பேரைக் கவனித்துக்கொண்டே கடிதங்களுக்குப் பதில் சொல்லும் சாமர்த்தியத்தையும் எழுதுகிறார். அதே அரண்மனையில் வேலைக்காரர்களும் அதிகாரிகளும் சாட்டையடி வாங்குவதையும் எழுதுகிறார். வழிச்செலவுக்கு என்று ஹைதர் தந்த 300 ரூபாயைக்கூட மதராஸ் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் போனார். அவர்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை ஒதுக்கினார். வரவு எந்தத் தலைப்பில் வந்தது, எந்தத் தலைப்பில் போனது என்று சுத்தமாகத் தெரிகிறது.

சமாதானம் வரவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. அடுத்த இரண்டு வருடங்கள் தஞ்சை டெல்டா பட்ட பாடு கொஞ்சமில்லை. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கத்தில் திப்பு, கர்னல் பிரெத்வைட்டின் படையை முறியடித்தார். வயல்கள் பாழாயின, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஜனங்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள் அல்லது ஊரை விட்டு ஓடினார்கள். நெல் விளையும் பூமியில் பட்டினி!

ஸ்வார்ட்ஸ் முன்கூட்டியே நெல் விலை குறைவாக இருந்தபோது வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதை வைத்துத் தன் உபதேசிமார்களையும் ஏழைகளையும் காப்பாற்றினார். மற்றவர்களிடமும் பணம் திரட்டிக் கஞ்சி ஊற்றினார். இது அவருடைய கடிதங்களிலும் குறிப்புகளிலும் வருகிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு சம்பவம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துவிட்டது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. யாரும் மாடு தரத் தயாராக இல்லை. ஏனென்றால் முன்பு கொடுத்தவர்களுக்குப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. மன்னர் துளஜாஜி, நாம் எல்லோரும் நம் பேச்சுக்கு இருந்த மதிப்பை இழந்துவிட்டோம், ஜனங்கள் ஸ்வார்ட்ஸையாவது நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்ற பொருளில் சொன்னாராம். ஸ்வார்ட்ஸ் தன் சொந்த வாக்கைப் பிணையாக வைத்துக் கேட்டார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் பணம் கொடுத்து அனுப்பினார்.

நண்பர்களே, கடன் என்பதற்கு ஆங்கிலத்தில் கிரெடிட் என்கிறோம். அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நம்பிக்கை. மூன்று வருடம் படித்தும் எனக்கு அது இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

போர் முடிந்த பிறகும் கொடுமை முடியவில்லை. வரி வசூல் தாங்காமல் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். மறுபடியும் ஸ்வார்ட்ஸ்தான் ஆள் அனுப்பித் திரும்ப வாருங்கள் என்று கேட்டார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பயிரிடும் காலம் போய்க்கொண்டிருக்கிறதே என்று அவர் கவலைப்பட்டபோது, எங்களுக்கு நல்லது செய்தீர்கள், இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் சொன்னதாக எழுதுகிறார்.

இந்தக் கணக்குகளை எல்லாம் அவர் வரிசையாகச் சொல்வது 1794-இல் எழுதிய ஒரு கடிதத்தில். அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஒருவர் மிஷன் வேலையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பேசியிருந்தார். அதற்குப் பதில்தான் இது. அதாவது எதிர்த்தரப்பு தணிக்கை கேட்டபோது எடுத்துக்காட்ட அவரிடம் நாளும் எண்ணும் இருந்தன.

ஸ்வார்ட்ஸை ஒரேயடியாகப் புகழவும் நான் வரவில்லை. அவர் கம்பெனி அரசாங்கத்தோடு நெருக்கமாக இருந்தவர். அவர் நடத்திய சபையிலும் சாதிப்படி தனித்தனியாகவே உட்கார்ந்தார்கள். 1798-இல் இறந்தபோது அவரிடம் வளர்ந்த சரபோஜி மன்னர் அழுதார், ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியை வைத்து பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்தார். அதை இன்றும் அந்த ஆலயத்தில் பார்க்கலாம். பளிங்கில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. டைரியும் கடிதமும் படித்தால்தான் மனிதன் தெரிகிறான்.

அந்த ஒரு பக்கம்

இதையெல்லாம் படித்தபோது ஒன்று புரிந்தது. இவர்கள் கஷ்ட காலத்தில் எழுதியது மனபாரத்தை இறக்கி வைக்க மட்டும் அல்ல. மனபாரம் இறங்கியிருக்கலாம், அது வேறு. ஆனால் அடிப்படையில் அது ஒரு கணக்கு ஒப்படைப்பு. கஷ்டம் வந்தால் நம் கண்ணுக்கு நம் கஷ்டம் மட்டும்தான் தெரியும். தினமும் எழுத வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தால் அடுத்தவரும் அந்தப் பக்கத்துக்குள் வந்துவிடுகிறார். விதவையின் கடன், மாடு கொடுத்தவருக்குச் சேர வேண்டிய பணம், ஊரை விட்டு ஓடியவர்களின் எண்ணிக்கை.

இப்போது அம்மாச்சி நோட்டுக்கு வருகிறேன். புயலுக்கு நாலாம் நாள் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பின் தெரு பிள்ளைகள் அரிசி கேட்டு வந்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது. 2 மரக்கால்."

அவ்வளவுதான்.

அம்மாச்சியின் முதல் வருட நினைவு நாளுக்கு அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து பைண்டு பண்ணிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று மாமா சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். "ஊர்ல எத்தனை பேருக்குச் சோறு போட்ட மனுஷி. அம்மாவைப் பத்தி இதைப் படிச்சா என்ன நினைப்பாங்க?" மாமாவைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டது பாசத்தில்தான். ஹாலேயில் உட்கார்ந்து வெட்டியவர்களும் பாசத்தில்தான் வெட்டியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல். இரண்டு நாள் தள்ளி ஒரு பதிவு இருக்கிறது: "பின் தெருவுக்கு அரிசி 1 மரக்கால் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்பு கேட்டேன்." முதல் பக்கம் இல்லாமல் இதைப் படித்தால் எதற்கு மன்னிப்பு என்றே புரியாது.

எங்கள் பாடத்தில் பிழைத் திருத்தம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. குறிப்பேட்டில் தப்பு நடந்தால் அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பழைய பதிவு அப்படியே இருக்க, கீழே இன்னொரு திருத்தப் பதிவு போட வேண்டும். அப்போதுதான் பின்னால் பார்க்கிறவருக்கு என்ன நடந்தது, எப்படிச் சரியானது என்று தெரியும். வணிகவியல் தெரியாத அம்மாச்சி அதைத்தான் செய்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் பாவ அறிக்கை, மனந்திரும்புதல் என்று சொல்வதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். தரங்கம்பாடி, ஹாலே, ராஜநாயக்கன் கதை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, ரெண்டு பக்கத்தையும் எதிர் எதிரே வர்ற மாதிரி பைண்டு பண்ணச் சொல்லு" என்றார்.

அப்படியே செய்தோம். முப்பது பிரதி.

உங்கள் வீட்டிலும் பரணில், பழைய பைபிளுக்குள், அரிசிப் பானைக்குப் பின்னால் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். சுனாமி வருஷத்து நோட்டு, கொரோனா வருஷத்து நோட்டு. கரையான் அரிப்பதற்குள் எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தையும் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

நான்கூட ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். இதுவரை ஒன்பது நாள் எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு திருத்தப் பதிவு :-)

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.